தொண்ணூறு சதவீத நிழல்

மொட்டை மாடியில் நிழல் வலை கட்டி முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கிய கணவன், "இனிமே நீ மயங்கி விழ வேண்டியதில்ல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். வெல்டர்; வாயைவிடக் கை அதிகம் பேசும். நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் ஒரு மத்தியானம் வெயில் தாங்காமல் சரிந்து விழுந்ததை அவன் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து, இரும்புக் குழாய்களை அறுத்துப் பற்றவைத்துச் சட்டம் போட்டிருந்தான்.

நிழல் வலை ஐம்பது, எழுபத்தைந்து, தொண்ணூறு சதவீதம் என்று கடையில் கிடைக்கும். எண் ஏற ஏற வெயில் குறையும். "நம்ம வீட்டுக்குப் போய் மட்டமானதை வாங்குவேனா?" என்று தொண்ணூறையே வாங்கி வந்துவிட்டான்.

அவள் அந்த மாடியில் குழித்தட்டுகளில் நாற்று வளர்த்து விற்பவள். வீட்டுத் தோட்டம் போட்டுக் கொடுக்கும் ஓர் அம்மாள் முதன்முறையாக மிளகாய் நாற்று மொத்தமாகக் கேட்டிருந்தார். மருந்து அடிக்கக் கூடாது, பூச்சியும் இருக்கக் கூடாது. சரியாக அமைந்தால் வருஷம் முழுக்க அவளிடமே வாங்குவதாகப் பேச்சு.

வலைக்கு அடியில் நாற்றுகள் மளமளவென்று உயர்ந்தன. அவள்கூட முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு தண்டு நூலாக இளைத்தது. இலை வெளிறியது. ஒரு நாள் காலையில் தட்டின்மேல் எறும்புகள் ஊர்வதைப் பார்த்து இலையைத் திருப்பினால், பின்பக்கம் பிசுபிசுவென்று சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக் கூட்டம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வலை எட்டாத மூலையில் ஒரே ஒரு தட்டு இருந்தது. அதில் செடிகள் குட்டையாக, கரும்பச்சையாக நின்றன. ஒரு பூச்சிகூட இல்லை.

கல்லூரியில் தாவரவியல் படித்தவளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்ப அண்ணன்கிட்ட சொல்லி வலையைக் கழட்டச் சொல்லுங்க அண்ணி" என்றாள் கீழ்வீட்டில் இருக்கும் நாத்தனார்.

"துணி காயப்போடுற ஸ்டாண்ட் செஞ்சாரே, ஞாபகம் இருக்கா?"

நாத்தனாருக்கு நினைவிருந்தது. ஸ்டாண்ட் கோணலாக இருக்கிறது என்று இவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவன் வீட்டுக்காக ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. இந்த வலைதான் அந்த மௌனத்தை உடைத்தது. மறுபடி அதைக் கிளறிவிட அவளுக்கு மனம் வரவில்லை.

ஆகவே இருவரும் ஒரு திருட்டுத்தனம் செய்தார்கள். இலைகளைத் தண்ணீரால் கழுவி, அவன் பட்டறைக்குப் போனதும் தட்டுகளை ஆளுக்கொரு முனை பிடித்து வெயிலுக்குத் தூக்கி வந்தார்கள். அவன் வருவதற்குள் திரும்ப உள்ளே வைத்தார்கள். நிழலிலேயே வளர்ந்த இலை ஒரேயடியாக வெயில் பட்டால் கருகிவிடும் என்பதால் முதலில் காலை வெயில் மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மத்தியானம் வரை. அப்படியும் சில இலைகள் தீய்ந்தன. ஆனால் புதிதாக விட்ட துளிர் தடிப்பாக வந்தது.

"நிழல் வலை போட்டதுக்கப்புறம்தான் நீ ரொம்பக் கருத்துட்ட" என்றான் அவன் ஒரு ராத்திரி, சாப்பிட்டுக்கொண்டே.

"அப்படியா?" என்று அவள் தண்ணீர் எடுக்க எழுந்து போனாள்.

மறுநாள் வெல்டிங் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனவன் பாதி வழியில் திரும்பி வந்தான். வீட்டில் ஆளைக் காணோமென்று மாடி ஏறினால், மனைவியும் தங்கையும் நோயாளியைத் தூக்குகிற மாதிரி ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

"அண்ணா, செடி கொஞ்சம் காத்து வாங்கட்டும்னு..." என்று தொடங்கிய நாத்தனார், அண்ணன் முகத்தைப் பார்த்ததும், "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று கீழே நழுவினாள்.

அவன் வலையைப் பார்த்தான். வெயிலில் வரிசையாக இருந்த தட்டுகளைப் பார்த்தான். "என்ன நடக்குது?"

அவள் வலைக்குள்ளிருந்து ஓர் இலையும், தொட்டி மூலையிலிருந்து ஓர் இலையும் கிள்ளி வந்து அவன் கையில் வைத்தாள். "கசக்கிப் பாருங்க."

ஒன்று ஈரத்துணி மாதிரி துவண்டது. மற்றது நறுக்கென்று ஒடிந்து, பச்சை நெடி மூக்கில் ஏறியது.

"வெயில் பட்டாத்தாங்க செடி பூச்சிக்குப் பிடிக்காத சாறை நல்லா சேர்த்து வைக்கும், இலையும் தடிக்கும். இருட்டா இருந்தா, எப்படியாவது வெளிச்சத்தை எட்டிடணும்னு உசரமா வளர்றதுலயே சக்தியெல்லாம் தீர்ந்துடும். தன்னைக் காப்பாத்திக்க மிச்சம் இருக்காது."

"அப்ப நான் கெடுத்துட்டேன்."

இல்லை என்று சொல்லத்தான் அவளுக்கு வாய் வந்தது. ஆனால் நிஜத்தைச் சொன்னாள். "செடியைக் கெடுத்துடுச்சு. ஆனா இதைக் கட்டினப்புறம் எனக்கு ஒரு நாள்கூடத் தலை சுத்தல."

"சொல்லியிருக்கலாமே."

"ஸ்டாண்ட் கோணல்னு சொன்னதுக்கே வருஷம் பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்க."

அவன் கொஞ்ச நேரம் இலையையே உருட்டிக்கொண்டிருந்தான். "அது கோணல்தான்" என்றான். "நீ சொன்னதும் அளந்து பார்த்தேன். அதான் கோபம்."

அன்று பட்டறைக்குப் போகவில்லை. செடிகளுக்கு மேலிருந்த வலையை அவிழ்த்தான். அவள் உட்கார்ந்து மண் கலந்து விதை போடுகிற மேஜைக்கு மேல் மட்டும் சின்னதாக ஒரு கூரை எழும்பியது. மிச்ச வலையை நாத்தனார் ஸ்கூட்டருக்கு மூடி போட வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் தோட்டக்கார அம்மாள் வந்து இலை இலையாகத் திருப்பிப் பார்த்தார். வெயிலில் இலை கருகியிருந்த தட்டுகளை ஒதுக்கிவிட்டு மீதியை எடுத்துக்கொண்டார். "அடுத்த தடவை எல்லாம் இந்தத் தொட்டி ஓரத்துச் செடி மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அவள் தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்து, தலைக்கு மேலிருந்த கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஏணியை மடக்கிக்கொண்டிருந்த கணவன் கண்டும் காணாததுபோல நின்றான்.

"என்னங்க, இடது பக்கம் கொஞ்சம் சரிஞ்சிருக்கு."

அவன் ஏணியை மறுபடி விரித்தான்.

"எங்க, கை காட்டு."