நீல ட்ரம்

வீட்டுக்காரர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் மோட்டார் போடுவார். அந்த நாட்களில் அவன் விடியுமுன் எழுந்து, கீழே உள்ள ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக் குடம் குடமாக மாடிக்குத் தூக்குவான். வாசலில் நிற்கும் நீல ட்ரம் நிறையும். மேலே ஒரு துணியைப் போடுவான். பழைய ட்ரம்கள் மூடியில்லாமல்தான் கிடைக்கும். எல்லா வீட்டிலும் துணிதான். பிறகு பால் காய்ச்சுவான். மகளின் முகம் துடைத்து, சட்டை மாற்றி, பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுக் கிடங்கு வேலைக்குப் போவான். மனைவி இறந்த பிறகு காலை என்பது இதுதான்.

அக்காவுக்கும் ஒரு பையன். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறக் கற்றுக்கொண்ட வயது.

"இந்தக் காது உங்க பொண்ணுக்கு, இந்தக் காது என் பையனுக்கு. உங்க அண்ணன் பேசினா மட்டும் கேக்காது தம்பி" என்பாள்.

அந்தப் பையன் ஒரு நாள் அவர்கள் வீட்டு ட்ரம்மில் தலைகுப்புற விழுந்து இறந்தான்.

மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். மாடிப்படியில் கூட்டம்.

"பெத்தவ கண்ணு எங்க போச்சு? போன் நோண்டிட்டு இருந்திருப்பா" என்றார்.

"போன் இல்ல சார்" என்றான் அவன். "என் பொண்ணு வாந்தி எடுத்தா. அவளைக் கழுவிக்கிட்டு இருந்தாங்க."

கீழ்வீட்டுத் தையல்காரர் குறுக்கிட்டார்: "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொன்னவன் இந்த மாடியில குடியிருந்ததில்ல போல."

யாரோ சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார்கள்.

"மாடியில ஒரு குழாய் போடச் சொல்லி அக்கா எத்தனை தடவை கேட்டாங்க சார்? தினம் தண்ணி வந்தா ட்ரம் எதுக்கு?" என்றான் அவன்.

"படிச்சவரு பேசுறீங்க. ட்ரம்மா பையனைக் கூப்பிட்டுச்சு?" என்றார் வீட்டுக்காரர். அக்கா குடும்பத்தை உடனே காலி செய்யச் சொன்னார். சாவு விழுந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கணுமாம்.

குழாய் வரவில்லை. அவன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கிடங்குக்குப் போனான். மேற்பார்வையாளர் இரண்டு நாள் பொறுத்தார். "இது வேலை செய்ற இடமா, பிள்ளை வளக்குற இடமா?" என்றார் மூன்றாம் நாள். இனி மகளைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும்.

அன்று மாலை அக்கா வீட்டுச் சாமான்கள் வண்டியில் ஏறின. போகும்போது அவள் மண்ணை வாரித் தூற்றினாள் என்று தெருவில் இன்றும் சொல்கிறார்கள். அவன் பெயரைச் சொல்லித்தான் சபித்தாளாம்.

அவன் மகளுடன் படியிலேயே நின்றிருந்தான். அக்கா இறங்கி வந்தாள். குழந்தையைத் தொடவில்லை. அவன் வீட்டு வாசலை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூடி வாங்கிட்டீங்களா தம்பி?"