கரி மேல் போட்ட பழி

வழியில் குன்னத்தில் நிறுத்தி, கரியைக் கிளறிவிட்டு மறுபடி கிளப்பப் போனபோது பஸ் கிளம்பவில்லை. முருகையன் முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எஞ்சின் இருமக்கூட இல்லை.

யுத்தம் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் வைத்ததிலிருந்து அப்துல் சுக்கூர் பாயின் பஸ் கரியில்தான் ஓடியது. பின்பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பு. கரி கனன்று எழும் கேஸ் குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும். அங்கே பிளக்கில் பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். அடுப்பைப் பொருத்திப் பழுது பார்க்கிறவன் முருகையன். வண்டி ஓட்டுகிறவன் சாமிக்கண்ணு. இருவரும் திருச்சியில் ஒரே பட்டறையில் அடி வாங்கித் தொழில் கற்றவர்கள்.

அரியலூர் பெரம்பலூர் தடத்தை இன்னொரு முதலாளியும் கேட்டிருந்தார். கரி பஸ்ஸை நம்பி பெர்மிட் கொடுக்கலாமா என்று பார்க்க ஆபீசர் ஒருவர் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வண்டி தானாகப் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தால் தடம் பாய்க்கு. மாடு கட்டி இழுத்துப் போனால் மற்றவருக்கு. பாய்க்கு இருந்ததே இந்த ஒரு பஸ். தடம் போனால் அதை உடைத்து இரும்புக்குப் போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். அப்புறம் முருகையனுக்கு என்ன வேலை?

"அடுப்பு மூட்டி நாழியாச்சே, சோறு எப்பங்க ஆவும்?" என்றார் ஜன்னலோரம் இருந்த ஒருவர். உள்ளே சிரிப்பு.

"திருமானூர்லேருந்து வரேன். மாட்டு வண்டியில ஏறியிருந்தா இந்நேரம் பொண்ணு வூட்டுல காலை நீட்டியிருப்பேன்" என்றாள் கூடையோடு இருந்த ஒரு அம்மாள்.

ஆபீசர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, மாடு பாக்கச் சொல்லட்டுமா?"

சாமிக்கண்ணு அவர் காதில் விழும்படியே சொன்னான். "கரி ஈரமா இருக்கும் மாப்ளே. தங்கச்சி சரியா காய வெக்கல போலருக்கு."

தங்கச்சி என்றது முருகையனின் பெண்டாட்டி பூங்காவனத்தை. கூடப் பிறந்தவள் இல்லை. ஆனால் சாமிக்கண்ணு அவள் கையால் சாப்பிடாத நாள் குறைவு. கரி பஸ் நின்றால் யாரும் முதலில் கரியைத்தான் திட்டுவார்கள். முருகையனுக்கும் அப்படித்தான் தோன்றியது. கரியைச் சலித்து, பாயில் பரப்பி, மூக்கெல்லாம் கறுப்பாக உட்கார்ந்திருந்த பூங்காவனத்தை மனசுக்குள் ஒரு வார்த்தை திட்டியும் விட்டான்.

அடுப்பு விசிறியைச் சுழற்றிவிட்டு, கேஸைச் சோதிக்க வைத்திருந்த சிறு குழாயைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினான். நீல ஜுவாலை நின்று எரிந்தது. கரியில் ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் பொறி. பிளக் கம்பி ஒன்றைப் பிடுங்கி இரும்பின் பக்கத்தில் பிடித்து, க்ளீனர் பையன் ஆண்டவரை ஹேண்டில் சுற்றச் சொன்னான். பொறி இல்லை. அடுத்த கம்பியிலும் இல்லை. பொறியை உண்டாக்கும் காயிலிலிருந்து வரும் தடிக் கம்பியைப் பிடித்தால் சடசடவென்று பொறி பறந்தது. காயிலில் இருக்கிறது, பிளக்கில் இல்லை. நடுவில் இருப்பது டிஸ்ட்ரிபூட்டர் ஒன்றுதான். எந்த பிளக்குக்கு எப்போது பொறி போக வேண்டும் என்று பங்கு போட்டு அனுப்புவது அது.

"அத எதுக்குத் தொறக்கறே? அது என்னைக்கு மக்கர் பண்ணியிருக்கு? கரியக் கொட்டிட்டு வேற போடு" என்றான் சாமிக்கண்ணு.

முருகையன் டிஸ்ட்ரிபூட்டரின் கறுப்பு மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினான். உள்ளே நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் ஒரு கோடு. பென்சிலால் அழுத்தி அழுத்தி இழுத்தது. கறுப்பில் கறுப்பு. சாய்த்துப் பார்த்தால்தான் மினுங்கியது. பென்சில் கோட்டில் மின்சாரம் ஓடும். பொறி பிளக்குக்குப் போகாமல் அது வழியே இரும்பில் இறங்கிப் போய்விடும்.

இந்த வித்தையைத் திருச்சியில் கண்டுபிடித்தவன் சாமிக்கண்ணு. மேஸ்திரியின் காரில் கோடு போட்டுவிட்டு, அவர் நாள் பூராவும் முட்டிக்கொண்டதைப் பார்த்து இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தார்கள். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. சற்று முன்னால் முருகையன் பின்பக்கம் கரி கிளறிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் ஊற்றுகிறேன் என்று பானெட்டைத் திறந்தவனும் அவன்தான்.

முருகையன் நிமிர்ந்து பார்த்தான். டிரிப் சீட்டு எழுத எப்போதும் சாமிக்கண்ணு காதில் செருகியிருக்கும் பென்சிலைக் காணோம்.

"பென்சிலு எங்கடா?"

சாமிக்கண்ணு கையைக் காதுக்குக் கொண்டுபோய் இறக்கினான். பானெட்டின் மறைவில் இருவர் தலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"தடம் கேக்கற அந்த மொதலாளி புது பஸ் வாங்குறாரு மாப்ளே. எனக்குப் பங்கு தரேன்னாரு" என்றான் சாமிக்கண்ணு கடைசியில். "உன்னையும் அங்க சேத்து வுடலாம்னுதான்..."

"மதகுல வண்டியக் கொண்டு வுட்டியே, அன்னைக்கு பாய் உன்னை வேலைய வுட்டுப் போன்னுட்டாரு. யாரு போயி அவரு வாசல்ல நின்னது?"

"நீதான்."

"கோடு போட்டதுதான் போட்ட. பழிய பூங்காவனம் தலையிலயா போடுவ? அவ கையால தின்னுட்டு?"

சாமிக்கண்ணு கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

முருகையன் துணியால் கோட்டைத் துடைத்தான். முழுக்கப் போகிற வரை துடைத்தான். மூடியை மாட்டி ஹேண்டிலைச் சுற்றியதும் ஒரே சுற்றில் எஞ்சின் உறுமியது. பஸ்ஸுக்குள் கை தட்டினார்கள்.

சாமிக்கண்ணுவைக் கழுத்தைப் பிடித்து இறக்கிவிடத்தான் கை பரபரத்தது. ஆனால் லைசென்ஸ் இருப்பது அவனுக்குத்தான். ஆபீசர் வேறு உட்கார்ந்திருக்கிறார். கெடுத்தவன் கையிலேயே வண்டியைக் கொடுத்துவிட்டு, பெரம்பலூர் வரை அவன் பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்து வர வேண்டியிருந்தது. சாமிக்கண்ணு என்றைக்கும் இல்லாத நிதானத்தோடு ஓட்டினான்.

பெரம்பலூரில் சுக்கூர் பாய் காத்திருந்தார். "நல்ல டிரைவரு. பெர்மிட் எழுதிடலாம்" என்று சாமிக்கண்ணுவின் முதுகைத் தட்டிவிட்டு ஆபீசர் இறங்கினார்.

"அல்ஹம்துலில்லா. வழியில நின்னுச்சாமே, கரி சரியில்லையாப்பா?" என்றார் பாய்.

"கரி நல்ல கரி பாய். பூங்காவனம் காய வெச்சது." முருகையன் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபூட்டர் மூடிக்குள் சுழலும் சின்ன ரோட்டரைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டான். அது இல்லாமல் யாராலும் வண்டியைக் கிளப்ப முடியாது. அதுவரை அவன் அதை எடுத்து வைத்துக்கொண்டதே இல்லை. "நாளைக்கு ஓட்ட வேற ஆளு பாருங்க. காரணத்த அவனே சொல்லுவான்."

"மாப்ளே..." என்றான் சாமிக்கண்ணு.

"அந்த மொறை சொல்லிக் கூப்புடாத" என்று சொல்லிவிட்டு, கை கழுவ முருகையன் குழாயடிக்குப் போனான்.