கம்பெனிக்காக மண்டியிட்டவன்

எங்கள் கம்பெனியில் திங்கட்கிழமைதோறும் காலையில் ஒரு கூட்டம் நடக்கும். மேனேஜர் ட்ரெவர் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். கூரைத் தகடு செய்கிற இடம், மெல்போர்னுக்கு மேற்கே லாவர்டனில். பாதிப் பேர் எங்கள் சமோவாத் தீவுக்காரர்கள். மிச்சம் வியட்நாம், மால்டா, நாலைந்து வெள்ளைக்காரர்கள். குடும்பம் என்று காதில் விழுந்ததும் எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் சிரித்துக்கொள்வார்கள். நானும் சிரிப்பேன். தலை நரைக்கிற வரைக்கும் இங்கே தகடு அடுக்கிக் கட்டியவள் நான். யார் குடும்பம், யார் கூலி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சிரிக்காத ஒரே ஆள் அலபாட்டி, தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் மெஷின் பகுதிக்கு மேஸ்திரி. ட்ரெவர் சொன்னதை அப்படியே நம்பினான். ட்ரெவரின் அம்மா இறந்தபோது, யாரும் கூப்பிடாமலே எங்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போய், சர்ச் வாசலில் வரிசையாக நிற்கவைத்து, எங்கள் மொழியில் துக்கப் பாட்டுப் பாட வைத்தவன். ட்ரெவர் அன்றைக்குக் குழந்தை மாதிரி அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அழுகிற மனுஷன் எல்லாம் நல்லவன் என்று நினைத்தானே, அங்கேதான் அலபாட்டி ஏமாந்தான்.

பிரஸ்ஸைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு உண்டு. கூண்டின் கதவைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். அந்தக் குளிர்காலத்தில் கதவு சுவிட்ச் கெட்டுப்போய், கதவு மூடியிருக்கும்போதும் மெஷின் நின்று நின்று உயிரை வாங்கியது. பெர்த் நகருக்குப் போகவேண்டிய சரக்கு தேங்கியது. ரிப்பேர்க்காரன் அடுத்த வாரம்தான் வருவான், அதுவரை சுவிட்சைக் கட்டி வை என்றார் ட்ரெவர். அலபாட்டி இரண்டு தடவை முடியாது என்றான். மூன்றாம் தடவை ட்ரெவர் அவன் தோளில் கையைப் போட்டு, "குடும்பத்துக்காக, அலபாட்டி" என்றார். அவன் பிளாஸ்டிக் பட்டையால் சுவிட்சை இறுக்கிக் கட்டினான். இனிக் கதவைத் திறந்தாலும் மெஷின் ஓடும். நான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் சிலரும் கேட்டார்கள். பிறகு அவர்களுக்கெல்லாம் காது மந்தமாகிவிட்டது.

ரிப்பேர்க்காரன் வருவதற்குள், பிரஸ்ஸில் வேலை பார்த்த எங்கள் ஆள் செமிசி கையைக் கொடுத்துவிட்டான். சிக்கிக்கொண்ட தகட்டுத் துண்டை எடுக்கக் கதவைத் திறந்து கையை விட்டிருக்கிறான். சுவிட்சைக் கட்டியது தெரிந்தவன்தான், ஆனால் கதவைத் திறந்தால் மெஷின் நிற்கும் என்று கைக்குப் பழகிப்போயிருந்தது. நிற்கவில்லை. வலது கையில் நாலு விரல் போயிற்று, கட்டைவிரல் மட்டும் மிச்சம். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். ஆம்புலன்ஸ் போன கொஞ்ச நேரத்தில் பக்கத்து லைன்கள் ஓடத் தொடங்கிவிட்டன. அந்தச் சத்தத்தில் நானும் நின்று தகடு அடுக்கினேன்.

மறுநாள் அலபாட்டி என்னையும் கூட்டிக்கொண்டு ட்ரெவர் அறைக்குப் போனான். எங்கள் வழக்கம் ஒன்றை எடுத்துச் சொன்னான். ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குப் பெரிய தீங்கு செய்துவிட்டால், தீங்கு செய்த வீட்டுத் தலைவர் விடியுமுன் போய் அவர்கள் வாசலில் மண்டியிடவேண்டும். தலைமேல் வீட்டிலேயே விலைமதிப்பான மெல்லிய பாயைப் போர்த்திக்கொள்ளவேண்டும். இதற்கு இஃபோங்கா என்று பேர். அந்த வீட்டுக்காரர்கள் கல்லையும் எடுக்கலாம், பாயையும் எடுக்கலாம். பாயைத் தூக்கிவிட்டால் மன்னித்ததாக அர்த்தம். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை இரண்டு பக்கமும் வாயால் தொடக்கூடாது.

"நீங்கதான் தலைவர், ட்ரெவர். நீங்க முன்னால மண்டி போடுங்க. நாங்க எல்லாரும் பின்னால இருக்கோம்" என்றான்.

ட்ரெவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன்கூடப் பேசக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறாராம். அலபாட்டியும் சும்மா இருப்பது நல்லது என்றார்.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்து நிறுத்தினேன். "டேய், இது கம்பெனிடா. நம்ம ஊர்க் குடும்பம் இல்ல. உன் தலையை நீயே ஏன் கொண்டுபோய் நீட்டற?"

"பெரியவர் வரலைன்னா அடுத்தவன் போகணும் அக்கா. செமிசி அப்பா முகத்தை நான் எப்படிப் பாக்கறது?"

சனிக்கிழமை விடியலில் செமிசியின் அப்பா வீட்டு வாசலில் புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. அலபாட்டி கம்பெனியின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கம்பெனிக்காக வந்திருக்கிறேன் என்று தெரியவேண்டுமாம். மனைவியின் கல்யாணப் பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு மண்டியிட்டான். நாங்கள் அவன் பின்னால் குனிந்து உட்கார்ந்தோம். ஜன்னல் திரை ஒருமுறை அசைந்தது, கதவு திறக்கவில்லை. வெயில் கூரையில் ஏறிய பிறகு கிழவர் செருப்பில்லாமல் வந்தார். அப்புறம் பாயைத் தூக்கி, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். உள்ளே எங்களுக்குச் சேப்பங்கிழங்கும் டின் மாட்டிறைச்சியும் சூடான கோகோவும் கொடுத்தார்கள். கட்டுப்போட்ட கையோடு செமிசி அலபாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அழுதபடியே சாப்பிட்டோம்.

செமிசியின் உறவுக்காரப் பெண் ஒருத்தி இதையெல்லாம் செல்போனில் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டாள். பெருமையாகத்தான் போட்டாள். ஊரிலிருந்தெல்லாம் வாழ்த்தினார்கள். கம்பெனியும் பார்த்தது.

அடுத்த வாரம் அலபாட்டிக்கு விசாரணை என்று அழைப்பு வந்தது. தப்பு செய்ததை அவனே ஒத்துக்கொண்டிருக்கிறான், அதுவும் கம்பெனிச் சட்டையோடு என்று கான்டீன்வரை பேச்சு வந்துவிட்டது. வேலை போனால் இந்த வட்டாரத்தில் வேறு எவனும் அவனைப் பிரஸ் பக்கம் சேர்க்கமாட்டான். நான் செமிசியிடம் ஓடினேன். ட்ரெவர் கட்டச் சொன்னதை அவனும் தன் காதால் கேட்டவன். அடிபட்டவன் சொன்னால் தட்டமாட்டார்கள், வந்து சொல்லு என்று கெஞ்சினேன்.

"எங்கப்பா பாயைத் தூக்கிட்டார் அக்கா. இப்ப நான் வாயைத் திறந்தா அவர் தூக்கினதுக்கு என்ன மதிப்பு?" என்றான். அப்படிச் சொன்னவன், விசாரணை நாளன்று என் காரில் ஏறிக்கொண்டான். சும்மா கூட இருக்கிறேன் என்றான்.

துணைக்கு ஒரு ஆள் உட்காரலாம், பேசக்கூடாது என்பது விதி. நான் உட்கார்ந்தேன். சிட்னியிலிருந்து வந்த எச்.ஆர். அம்மாள் பல்லைக் காட்டிச் சிரித்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வீடியோவைப் போட்டாள். ட்ரெவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுவிட்சைக் கட்டினது யாரு?"

"நான்தான்."

"தப்பு உங்க மேல இல்லைன்னா எதுக்கு மன்னிப்புக் கேக்கப் போனீங்க?"

அலபாட்டி ட்ரெவரைப் பார்த்தான். "இவர் வரலையே. யாராவது ஒருத்தர் போகணும்ல."

அந்த அம்மாளுக்கு அது விளங்கவில்லை. அப்படியானால் தப்பை ஒத்துக்கொள்கிறீர்களா என்று மறுபடி கேட்டாள். மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தேன். கட்டச் சொன்னது யார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எல்லாத் தப்புக்கும் சேர்த்துத்தான் மண்டி போட்டேன்" என்றான்.

என்னால் தாங்க முடியவில்லை. ட்ரெவர்தான் சொன்னார், நான் கேட்டேன் என்று கத்திவிட்டேன். துணைக்கு வந்தவர் பேசக்கூடாது என்று அவள் அதே சிரிப்போடு சொன்னாள். ட்ரெவரின் காது மட்டும் சிவந்தது. அம்மா சாவுக்குப் பாட்டுப் பாடியவனுக்காக ஒரு வார்த்தை அந்த ஆளிடமிருந்து வரவில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை. தணியவும் வேண்டாம்.

அலபாட்டியின் அடையாள அட்டையை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள்.

செமிசி காரின் பின்சீட்டில், வலது ஓரமாக உட்கார்ந்திருந்தான். கண்ணாடியை இறக்கி, என்ன ஆச்சு என்று கேட்டான். வேலை போச்சு என்று நான்தான் சொன்னேன். அவன் முகம் வெளிறிப்போனது.

"நான் உள்ள போய்ச் சொல்றேன் அண்ணே. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

"வேண்டாம். உங்கப்பா முடிச்சு வச்சுட்டார். அப்படியே இருக்கட்டும்" என்றான் அலபாட்டி.

செமிசி கேட்கவில்லை. பழக்கத்தில் வலது கையைக் கதவுக் கைப்பிடிக்குக் கொண்டுபோனான். கட்டுக்குள்ளிருந்த கட்டைவிரல் வழுக்கியது. மறுபடி முயன்றான், மறுபடி வழுக்கியது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டான். அலபாட்டி வெளியே கதவின்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். அவனும் திறந்துவிடவில்லை, நான் திறக்கப் போனபோது என்னையும் விடவில்லை.