ஷோரூமில் ஐந்தாவது ஆள்

1

இந்தக் கதை ஒரு நாற்காலியிலிருந்து வந்தது.

போன வருடம் விருதுநகரில் ஒரு கார் ஷோரூமுக்குள் போனேன். சிறிய கார் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், பத்து நிமிட வேலை. இரண்டே கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன். யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. எதிரே இருந்தவர் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. இரண்டு முறை காபி வரவழைத்தார். போகலாம் என்று நான்கு முறை நினைத்தேன். நான்கு முறையும் எழுந்திருக்க முடியவில்லை. ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

நடந்ததை அப்படியே எழுதினால் கூச்சக்காரன் ஒருவனின் புலம்பலாகிவிடும். உங்களுக்குத் தைரியம் போதாது என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அதனால் தைரியத்தில் குறை சொல்ல முடியாத ஒருத்தியை அதே நாற்காலியில் உட்காரவைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவள் பெயர் பாண்டிமீனா. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து கலக்கும் அறையில் வாடை சற்று மாறினால் போதும், எல்லோரையும் எழுப்பி வெளியே கூட்டி வந்துவிடுவாள். காரணத்தை முதலாளியிடம் அப்புறம் சொல்லிக்கொள்வாள்.

சரியான நேரத்தில் எழுந்து வெளியேறுவதுதான் அவள் தொழில். அப்படிப்பட்டவளாலும் ஷோரூமில் எழ முடியவில்லை என்றால், காரணம் தைரியத்தில் இல்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"கண்ணாடிக் கதவின் முன்னால் பாண்டிமீனா செருப்பைக் கழற்றினாள். பளபளக்கும் தரை எளிய மனிதர்களை எப்போதுமே"

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. விஸ்வநத்தத்தில் எனக்குத் தெரிந்த போர்மேன் சோலையம்மாளிடம் வாசித்துக் காட்டியபோது இந்த இடத்தில் அவர் சிரித்துவிட்டார்.

"பணிஞ்சுக்கிட்டா கழட்டுறா? செருப்புல மண்ணு ஒட்டியிருக்கும், மண்ணுல கல்லு இருக்கும். தரையில மருந்து சிந்திக் கெடந்தா ஒரு தேய்ப்பு, ஒரு பொறி, அம்புட்டுத்தான். பதினெட்டு வருசமா கழட்டுற காலு சார். கதவைப் பாத்தா அதுவா கழட்டும்."

ஷோரூம்காரர்களும் என்னைப் போலவே தவறாகப் புரிந்துகொண்டிருப்பார்கள். பணிவான ஆள், சொன்னதைக் கேட்பாள் என்று.

(சோலையம்மாளிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன், இந்த அறைகளைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. உள்ளே போகுமுன் ஒரு செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும், உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். கதவுகள் வெளிப்பக்கம்தான் திறக்கும், முட்டினால் போதும். எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் ஒரு கதவு கண்ணில் பட வேண்டும். வெளிச்சுவரில் பெயின்டால் எழுதியிருக்கும்: மருந்து இத்தனை கிலோ, ஆட்கள் நான்கு. ஐந்தாவதாக ஒருவர், முதலாளியாகவே இருந்தாலும், உள்ளே கால் வைத்தால் முதலில் ஒருவர் வெளியேற வேண்டும். பேச்செல்லாம் அதற்குப் பிறகு.)

3

பாண்டிமீனாவுக்கு வண்டி எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை.

அவள் கணவன் செழியன் பழைய வேன் ஒன்று வைத்திருக்கிறான். ஊரிலிருந்து பதினான்கு பெண்களைக் காலையில் கம்பெனிக்குக் கொண்டுபோய் மாலையில் திரும்ப இறக்கிவிடுகிறான். வேனில் இருக்கை எட்டு. தீபாவளி விடுமுறை முடிந்து திறக்கும் திங்கட்கிழமைக்குள் எல்லோரும் உட்கார்ந்து வரும்படியான வண்டி வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓட்டத்தைச் சாத்தூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். செழியனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

முதல் முறை போனபோது இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். வேன் என்ன விலை என்று பாண்டிமீனா கேட்கும்போதெல்லாம், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று பதில் கேள்வி வந்தது. விலை தெரியாமலே வீடு திரும்பினார்கள். இரண்டாம் முறை மூன்று மணி நேரம். கடைசியில் அவள் கையெழுத்துப் போட்டது வேனுக்கு அல்ல, மேலே கூரை திறக்கிற ஏழு இருக்கைக் காருக்கு.

திரும்பும் வழியில் செழியன் கேட்டான்.

"என்னோட சேத்து ஏழு பேரு உக்காருவாக. மிச்ச எட்டு பேரு கூரை வழியா தலைய நீட்டிக்கிட்டு வருவாகளோ?"

"நீங்களும் பக்கத்துலதான இருந்தீக. வாயில என்ன வச்சிருந்தீக?"

"அவுக குடுத்த கேக்கு."

மறுநாள் காலையில் போன் போட்டு அதை ரத்து செய்தாள். அன்று புதன்கிழமை. திங்களுக்கு இன்னும் நான்கு நாட்கள்தான் இடையில்.

4

விற்பனையாளர் சாபிர் விஷயத்தில் நான் தவறு செய்தேன். முதலில் அவனை வாய்ச்சாலக்காரனாக எழுதினேன். மாறாத சிரிப்பு, பாலிஷ் போட்ட ஷூ, பொய். படித்துப் பார்த்தபோது கண்ணாடிக்குள் வைத்த பொம்மை மாதிரி இருந்தான்.

திருத்தி எழுதுகிறேன். சாபிருக்கு இருபத்தாறு வயது. அப்பா சிவகாசியில் காலண்டர் ஆர்டர் பிடித்துக் கொடுப்பவர். சாபிருக்கு இந்த வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. அவன் முதுகுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு, அதற்குள் மேனேஜர் சீனிவாசகம். சாபிருக்கு எல்லாம் தெரியும், நமக்குத்தான் எதுவும் தெரியாது என்று எதிரே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நம் சங்கடத்தில் பாதி இந்த நினைப்பிலிருந்து வருகிறது. உண்மையில் கடைசி விலை சாபிருக்கும் தெரியாது. "ஒரு நிமிசம்க்கா, கேட்டுட்டு வந்துர்றேன்" என்று அவன் மூன்று முறை உள்ளே போவது நடிப்பு அல்ல. கேட்கத்தான் போகிறான்.

5

இங்கே கதை நின்றுவிட்டது. ஒன்பது நாள் ஒரு வரிகூட நகரவில்லை.

பாண்டிமீனாவை எப்படியாவது எழுப்பிப் பார்க்கலாம் என்று, இரண்டாம் வருகையை மாற்றி எழுத உட்கார்ந்தேன். "நாற்பதாவது நிமிடத்தில் அவள் சட்டென்று எழுந்தாள். கதவைத் தள்ளினாள். செருப்பை மாட்டினாள். செழியன் வேனில் ஏறிச் சாவியை"

சாவி எங்கே?

முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். உங்களுக்கு இதுவரை காட்டாத ஒரு வரி அங்கே இருந்தது: "உள்ளே வந்ததும், பழைய வண்டிக்கு என்ன விலை கிடைக்கும் என்று பார்த்துச் சொல்ல, சாபிர் வேன் சாவியை வாங்கி உள்ளே கொடுத்தனுப்பினான்." ஷோரூம் நிஜமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதிய வரி. மேற்கொண்டு கதையில் அதற்கு வேலை இல்லை என்று நினைத்திருந்தேன்.

என் ஸ்கூட்டர் சாவியையும் அன்று வாங்கினார்கள். இரண்டே கால் மணி நேரம் அது என்னிடம் இல்லை. நாற்காலி வேறு கதவுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தது. மேசையைச் சுற்றி ஒருவர், இருவர், பிறகு கடன் பிரிவிலிருந்து ஒருவர், பிறகு உதிரிச் சாமான் காட்ட ஒருவர். மருந்து அறை விதிகள் ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பினால் வருவது ஷோரூம் மேசை. நம் உடம்புக்கு இது தெரிகிறது. மனம்தான் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொள்கிறது.

என் புதிரை அவிழ்த்தது நான் விட்ட ஓட்டை. பாண்டிமீனாவிடம் எப்படிச் சொல்வது? கதாசிரியனாகக் காதில் ஓதலாம். ஆனால் அது அழுகுணி ஆட்டம். அவளாகவே யோசிக்க விட்டேன். வெள்ளிக்கிழமை மாலை, அடுப்படியில் செழியனிடம் அவள் இவ்வளவுதான் சொன்னாள்:

"அங்கன எனக்கு மூச்சு முட்டுதுங்க. நம்ம மருந்து ரூம்ல முட்டுனதே இல்ல. நாளைக்கு நம்ம ரூம் மாதிரியே இருந்து பாப்போம்."

6

சனிக்கிழமை காலை. அவள் செருப்பைக் கழற்றினாள். கதவின் இரும்புக் கைப்பிடியில் உள்ளங்கையை ஒரு நொடி வைத்துவிட்டு உள்ளே போனாள். சாபிர் வணக்கம் சொல்லிவிட்டு வழக்கம்போல் சாவிக்குக் கை நீட்டினான்.

"அது எங்கிட்டயே இருக்கட்டும் தம்பி. வண்டியப் பாக்கணும்னா சொல்லுங்க, இவுகளே வந்து தெறந்து காட்டுவாக."

பிறகு நாற்காலியைத் தூக்கிக் கதவோரமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அங்கே ஏசி வராது என்றான் சாபிர். பரவாயில்லை, கதவு தெரிய வேண்டும் என்றாள். அவன் மேசையை விட்டுவிட்டுத் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். பாண்டிமீனா, செழியன், சாபிர். மூன்று பேர். இன்சூரன்ஸ் பார்க்கிற பெண் ஒரு பைலோடு வந்து நின்றாள். நான்கு. பேச்சு மாதத் தவணைப் பக்கம் திரும்பியது. சீனிவாசகம் கண்ணாடித் தடுப்பைத் திறந்துகொண்டு, இரு கைகளையும் கூப்பியபடி வந்தார்.

பாண்டிமீனா எழுந்து நின்றாள். எழுந்த பிறகுதான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது.

"ஆளு கூடிருச்சு" என்றாள்.

"எந்த ஆளு மேடம்?"

"நாலு பேருக்கு மேல ஆகாதுங்க. நீங்க இருந்து பேசுங்க, நான் வெளிய இருக்கேன்."

செழியன் அதற்குள் வெளியே போயிருந்தான். அவனும் வேன் ஓட்டுவதற்கு முன்னால் பத்து வருடம் அந்த அறைகளில் இருந்தவன்.

சீனிவாசகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. போகிறவர்களைப் பிடித்து வை என்று சாபிருக்குக் கண் காட்டினார். சாபிர் வாசலுக்கு ஓடி வந்தான். வெயிலில் மூன்று பேர் மட்டும். பாண்டிமீனா ஒரு செருப்பை மாட்டியிருந்தாள்.

"தம்பி, பதினாலு பேரு உக்காரணும். கூரை தெறக்க வேணாம். ரோட்டுல எறங்குற வரைக்கும் எல்லாம் சேத்து எம்புட்டு? ஒரே தாள்ல எழுதிக் கொண்டாங்க. நான் இங்கனயே நிக்கேன்."

அவன் உள்ளே போய் ஆறு நிமிடத்தில் தாளோடு வந்தான். இரண்டு வருகையில் ஐந்தரை மணி நேரம் கேட்டும் கிடைக்காத எண் அதில் இருந்தது. கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"சாவி உள்ள இருந்தா ஆளும் உள்ள இருப்பாகன்னு வேலைக்கு வந்த அன்னைக்கே எங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டாகக்கா. நீங்க எந்திரிச்சதும் எனக்கும் மூச்சு வந்த மாதிரி இருந்துச்சு. நானும் அதே மேசையிலதான தெனம் பத்து மணி நேரம் கெடக்கேன்."

7

இதற்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், அவள் வாசல் படியிலேயே தாளைத் தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போடுகிறாள். இன்னொன்றில், தாளை மடித்து எடுத்துக்கொண்டு, அதே வேனுக்கு இன்னொரு கடையில் என்ன விலை என்று கேட்க ராஜபாளையம் போகிறார்கள். பகல் இன்னும் முழுதாக மிச்சம் இருக்கிறது. மூன்றாவதில், சாவி கையில் இருந்தும் பழைய வேன் கிளம்ப மறுக்கிறது. செழியனும் சாபிரும் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், சீனிவாசகம் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். மூன்றாவது எனக்குப் பிடித்தது. ஆனால் சிரிப்புக்காக அவளைத் தெருவில் நிறுத்துவது நியாயமா என்று சந்தேகம்.

திங்கட்கிழமை காலை ஏழாயிரம்பண்ணையில் பதினான்கு பெண்கள் எந்த வண்டிக்குக் காத்து நிற்கிறார்கள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் தாள் இருக்கிறது, சனிக்கிழமை மதியம் இருக்கிறது. அதற்கு மேல் நான் அவளைத் தள்ள மாட்டேன். தள்ளினால் நானும் அந்த மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவனாகிவிடுவேன்.

நாற்காலிப் புதிருக்கு மட்டும் விடை சொல்லிவிடுகிறேன். போன வாரம் அதே விருதுநகர் ஷோரூமில் நானே செய்து பார்த்தேன், பதினோரு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். உங்கள் வண்டிச் சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள். கதவு தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருங்கள். ஐந்தாவது ஆள் வந்ததும் எழுந்து வெளியே போய், மொத்த விலையை ஒரே தாளில் அங்கே எழுதி வாங்குங்கள்.