விடையை முதலில் காட்டிய பெட்டி

வத்ஸலா டீச்சர் கரும்பலகையில் 'கம்ப்யூட்டர்' என்று எழுதியபோது நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். சிரிக்காமல் என்ன செய்வது? அது 1973ஆம் வருஷம். எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் தலைமையாசிரியை அறையில் மட்டும்தான் மின்விசிறி. அதுவும் கரண்ட் இருந்தால் சுற்றும்.

டீச்சர் சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். கோடை விடுமுறையில் மெட்ராஸுக்கு ஏதோ பயிற்சிக்குப் போனவர், அங்கே ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற அந்த இயந்திரத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"சிரிங்கோ, நன்னா சிரிங்கோ. நீங்க ரிட்டயர் ஆகறதுக்குள்ள இது ஒவ்வொரு கிளாசுக்கும் வரப்போறது. அது கேள்வி கேக்கும், குழந்தை பதில் சொல்லும், சரியா தப்பான்னு அதுவே காட்டும். அப்போ டீச்சருக்கு என்ன வேலை? அதை இப்பவே கத்துக்கணும்" என்றார்.

கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? அதனால் ஒரு பெட்டி. முன்பக்கம் சின்ன ஜன்னல், உள்ளே இரண்டு உருளைகள், ஒன்றிலிருந்து மற்றதுக்குச் சுற்றிக்கொள்ளும் நீளக் காகிதம். கைப்பிடியைத் திருகினால் ஜன்னலில் கேள்வி வரும். பிள்ளைகள் சிலேட்டில் விடை எழுதுவார்கள். மறுபடி திருகினால் சரியான விடை வரும். ஆளுக்கொரு பெட்டி செய்து, கடைசிச் செய்முறைத் தேர்வில் அதை வைத்துத்தான் பாடம் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

டீச்சர் அட்டையில் செய்து வைத்திருந்த பெட்டியில்தான் முதலில் பழகினோம். நான் ஜன்னலையே வெறித்துக்கொண்டு நிற்பேன். "ஏண்டி காந்தா, பெட்டியையே பாத்துண்டு நிக்கறே? அது எங்கயும் ஓடிப்போகாது. குழந்தைகள் மூஞ்சியைப் பாரு" என்று மேசையைத் தட்டுவார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எனக்கு எதற்குத்தான் கோபம் வராது!

ஆனால் அந்தத் தேர்வை நினைத்தால் கோபம்கூட வராது, பயம்தான் வரும். போன வருஷம் அதே தேர்வில் பாதிப் பாடத்தில் வாயடைத்துப்போய், அழுதுகொண்டே வெளியே வந்தவள் நான். இது இரண்டாவது வாய்ப்பு, கடைசி வாய்ப்பும்கூட. இதிலும் கோட்டை விட்டால் பலகைதான்.

பலகை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு பட்டுத் தறி. அப்பா போன பிறகு அண்ணன் உமாபதிதான் நெய்தார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த இன்னொருவர் நான். பாவாடை கட்டின வயதிலிருந்து, பள்ளிக்கூடம் போன நேரம் போக, தறியோரத்துப் பலகைதான் என் இடம். இடுப்பு ஒடியும், கால் மரத்துப்போகும், எழுந்திருக்க முடியாது.

பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். பொட்டைப்பிள்ளையை விடுதிக்கு அனுப்பிவிட்டுத் தறியை யாரை வைத்து ஓட்டுவாய் என்றார்கள். அண்ணன் அதிகம் பேசமாட்டார். "நீ போய்ப் படிம்மா. நான் தனியாளா சாதா சேலை நெய்துக்கினு இருக்கறேன். பாஸ் பண்ணலைன்னா பலகைக்கு வந்துடு, அவ்ளோதான்" என்றார். அந்தக் கடைசி வார்த்தை விடுதியில் சோறு தின்னும்போதுகூட என் காதில் கேட்கும்.

பெட்டியையும் அண்ணன்தான் செய்தார். கேள்விகளையும் விடைகளையும் மேலிருந்து கீழாக எழுதி ஒட்டிய காகிதத்தை அவருக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். பெட்டி வருகிறது, வருகிறது என்று காத்திருந்தால், தேர்வன்று காலை மணி அடிக்கும்போதுதான் சைக்கிளில் கட்டிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

"இன்னாண்ணா இப்ப வந்து நிக்கறே? ஓட்டிப் பாக்கக்கூட நேரமில்லையே!" என்று பாய்ந்தேன்.

"வார்னிஷ் காயலம்மா. காயிதத்தைச் சுத்தி வெச்சிருக்கறேன். நீ திருகினா போதும், வழுக்கிக்கினு வரும்."

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. பழைய மரம், மேல்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. "மரம் ஏதுண்ணா?" என்றேன். "வூட்ல சும்மா கெடந்துது" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாடு. பின்வரிசையில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சீனிவாசன், அவர் பக்கத்தில் வத்ஸலா டீச்சர். எல்லாம் சொல்லிவிட்டுக் கைப்பிடியைத் திருகினேன். ஜன்னலில் 24 என்று வந்து நின்றது.

கேள்வியைக் காணோம். வெறும் 24. அது நான் எழுதியதில் கடைசி விடை.

என்ன நடந்தது என்பது எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது, நானும் தறிக்காரிதானே! தறியில் பாவு இழை தூரத்திலிருந்து நம்மைப் பார்த்து வரும். நெய்த துணி மடிக்குப் பக்கத்தில் சுருளும். ஜன்னலில் கீழிருந்து மேலே ஏற வேண்டிய காகிதத்தையும் அண்ணன் அப்படியே மேலிருந்து நம் பக்கம் இறங்கி வரும்படி சுற்றிவிட்டார். அடியில் இருந்தது முதலில் வந்துவிட்டது. பதறிப்போய்க் கைப்பிடியை மறுபக்கம் திருகினேன். அசையவில்லை. சுருட்டிய துணி நழுவாமலிருக்கத் தறியில் இருக்குமே பல்சக்கரம், அதையும் மறக்காமல் மாட்டியிருந்தார் என் அருமை அண்ணன்! பாவி மனுஷன், குடியைக் கெடுத்தானே என்று மனசுக்குள் திட்டினேன். போன வருஷம் போலவே கண்ணில் நீர் முட்டியது. பலகை தெரிந்தது.

பின்வரிசையில் டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் முகத்தை விரலால் ஒரு தடவை தொட்டுக் காட்டினார்.

பெட்டியை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், பதில் வந்துட்சே, கேள்வி இன்னா?"

"அதைத்தான் நீங்க கண்டுபிடிக்கணும். பெட்டி மனசுல இன்னா கேள்வி இருக்குது, சொல்லுங்க பாப்போம்!" என்று என் வாயிலிருந்து எப்படி வந்ததோ, வந்துவிட்டது.

அவ்வளவுதான். "ஆறு நாலு!" "பன்னெண்டு ரெண்டு!" "எட்டு மூணு, டீச்சர்!" ஒருத்தி "இருபத்தஞ்சு முட்டையில ஒண்ணு ஒடஞ்சி போச்சு!" என்றாள். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதி, சரிதானா என்று அவர்களையே பார்க்கச் சொன்னேன். பிறகு திருகினேன். 'எட்டும் மூன்றும் பெருக்கினால்?' என்று வந்தது. எட்டு மூணு சொன்ன பெண் பெஞ்சின்மேல் ஏறிவிட்டாள். அடுத்த விடைக்கு முழு வகுப்பும் எழுந்து நின்றது. மணி அடித்தபோது ஒருத்தரும் போகவில்லை.

தேர்வாளர் என்னைக் கூப்பிட்டார். "விடையைக் காட்டிக் கேள்வியைக் கேட்கிற முறை நன்றாக இருக்கிறதம்மா. இது யாருடைய யோசனை?"

என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "எங்க அண்ணனோடது சார். தறியில சுத்தற மாதிரி சுத்திட்டாரு."

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தேர்வாளரும் சிரித்துவிட்டார். "பெட்டி தகராறு பண்ணினால் டீச்சர் என்ன செய்வார் என்று பார்க்கத்தானே நான் வந்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

வெளியே வந்ததும் டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "மார்க்கெல்லாம் நான் சொல்லப்படாது" என்றார் அவர். "ஆனா நீ சாயங்காலம் ஆத்துக்குப் போய் உங்கண்ணாவை ஒரு நமஸ்காரம் பண்ணிட்டு வா. பர்மிஷன் தரேன்." அந்த அம்மாள் மட்டும் அன்றைக்கு முகத்தைத் தொட்டுக் காட்டாமலிருந்தால் நான் வாத்தியார் ஆகியிருக்கமாட்டேன். அவர் நன்றாயிருக்க வேண்டும்.

பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அண்ணன் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். "இன்னாம்மா, ஓடிச்சா?" என்று கேட்டார்.

"தலைகீழா ஓடிச்சு" என்றேன். முகம் செத்துப்போயிற்று அவருக்கு. "அய்யோ, பயப்படாதண்ணா, நான் பாஸு!" என்று கத்தினேன்.

அப்போதுதான் தறியோரத்தைப் பார்த்தேன். என் பலகையைத் தாங்கி நின்ற இரண்டு செங்கல் மட்டும் இருந்தன.

"பலகை எங்கண்ணா?"

"கையில வெச்சிக்கினு கேக்கறியே."

பெட்டியின் வழவழத்த மேல்பக்கத்தைத் தடவினேன். நான் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்த மரம்.

"நான் பெயிலாயிருந்தா எங்கண்ணா உக்காந்திருப்பேன்?"

"அதை யாரு நெனச்சா?" என்றார் அண்ணன், அறுந்த இழையை முடிந்துகொண்டே. "உனக்கு இனிமே நாற்காலின்னு நெனச்சிதான் அறுத்தேன்."

முன்னாலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நான் இப்படிப் பயந்து செத்திருக்கமாட்டேனே என்று கத்தினேன். திட்டிக்கொண்டே அவர் காலில் விழுந்தேன்.