ஒத்திகைக்கு ஓர் ஆள்

கம்பெனி வளர்கிறது என்று யாராவது பூரித்துப்போய்ச் சொன்னால் இப்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். எங்கள் கம்பெனியும் வளர்ந்தது. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலை அது. நான் மடிப்புப் பிரிவில் இருந்தேன். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து மடிக்க வேண்டும். முனைகள் சேரும் இடத்தில் ஒரு வம்பும் கைமாறும். கால் கடுத்தாலும் வாய்க்குக் குறைவில்லாத வேலை.

என் தங்கை குட்டிக்கு அதே ஆலையில் இஸ்திரி உருளையில் வேலை. அம்மா போனபின் அவளை வளர்த்தவள் நான். கெஞ்சிக் கூத்தாடி அங்கே சேர்த்துவிட்டவளும் நான். இரண்டாவது ஆலை கட்டத் தொடங்கியபோது, மேற்பார்வைக்கு வெளியாட்களை எடுக்கப்போவதில்லை, இங்கிருப்பவர்களிலிருந்தே உருவாக்கப்போகிறோம் என்று முதலாளி அறிவித்தார். தலைமைப் பயிற்சி என்று அதற்குப் பெயர். குட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. மடிப்புப் பிரிவு முழுக்க அவள் புராணம்தான் பாடிக்கொண்டிருந்தேன்.

பயிற்சி கொடுக்க வந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் பல்லு சார். எழவு வீட்டுக்குப் போனாலும் அந்த மனிதரால் வாயை மூட முடியாது என்று நினைக்கிறேன். அவர் குட்டிக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு தொழிலாளியிடம் இனி உனக்கு வேலை இல்லை என்று எப்படிச் சொல்வது? வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்துப் பழகிக்கொண்டு வர வேண்டும். வீட்டில் அவளோடு இருப்பது நான் ஒருத்திதான்.

"அக்கா, நீதான் அந்தப் பொம்பள. இப்ப உன்ன வேலைய விட்டுத் தூக்கப்போறேன்" என்றாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"தூக்குடி, பாக்கலாம்."

"இத்தன வருஷம் நீங்க ரொம்ப அருமையா..."

"நிறுத்து. ஐஸ் வச்சுட்டுக் கழுத்தறுக்காத. மொதல்ல விஷயத்தச் சொல்லு. சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு உக்காரு. அவ பேசட்டும்."

பேசினேன். சும்மா பேசவில்லை, மாரில் அடித்துக்கொண்டு பேசினேன். ஒரு நாளாவது சொல்லாமல் லீவு போட்டிருக்கிறேனா என்றேன். உங்கள் சிமெண்டுத் தரையில் தேய்ந்த என் முழங்காலுக்கு யார் பதில் சொல்வது என்றேன். வேறு பிரிவில் போடுங்கள், கூட்டிப் பெருக்குகிறேன் என்று காலில் விழுந்தேன். நாசமாய்ப் போக என்று சபித்தேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் ஒவ்வொன்றுக்கும் பதிலோடு வந்து உட்கார்ந்தாள். "பதில் சரி, குரல் இன்னும் எறங்கணும்" என்று திருத்தினேன். "அந்தப் பொம்பள வேற என்னல்லாம் கேப்பா, அக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நானும் மூளையைக் கசக்கிக் கசக்கி எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பொம்பளையிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போகிறவரை கொடுத்தேன்.

பிறகு ஒருநாள் மடிக்கும் இயந்திரம் வந்து இறங்கியது. மதியம் குட்டி என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். மூலையில் பல்லு சார் மார்க் போடப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். குட்டியின் கடைசித் தேர்வே நான்தான்.

"அக்கா, மடிப்புப் பிரிவ மூடுறாங்க. இந்த மாசத்தோட உனக்கு இங்க வேலை இல்ல."

சொல்லிவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே வாயை மூடிக்கொண்டாள்.

என் முழங்கால் என்று ஆரம்பித்தேன். அதற்குப் பதில் இருந்தது. வேறு பிரிவு என்றேன். அதற்கும் இருந்தது, நான் கேட்டபடி குரலை இறக்கியே சொன்னாள். கத்தலாம் என்றால் கத்தினவளை எப்படி உட்கார வைப்பது என்று அவளுக்குத் தெரியும். என்னிடமிருந்த எல்லாவற்றையும் என் வீட்டு அடுப்படியிலேயே சிரித்துச் சிரித்துச் செலவழித்திருந்தேன். கடைசியில் ஒத்திகையில் வராத ஒரே ஒரு கேள்வி கிடைத்தது.

"உனக்கு இது எப்போ தெரியும்?"

அதற்கு அவள் தயாராகியிருக்கவில்லை. பல்லு சாரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "வீட்டுப்பாடம் குடுத்த அன்னிக்கே. வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. உனக்கு வலிக்காமச் சொல்லணும்னுதான் அக்கா அவ்ளோ பழகினேன்."

பொய் சொல்லியிருந்தால் ஓர் அறை விட்டு எழுந்து வந்திருப்பேன். அவள் சொன்னது நிஜம். அதுதான் இன்னும் என் வயிற்றெரிச்சல்.

பல்லு சார் மெதுவாகக் கை தட்டினார். "பிரமாதம்! இவ்ளோ நல்லா யார் பழக்கினாங்க?"

"எங்கக்காதான் சார்" என்றாள் குட்டி. சத்தியமாக, பெருமையோடு சொன்னாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "புது ஆலையில நெறைய பேர உருவாக்கணும்மா. பழகறவங்களுக்கு எதிர்ல உக்கார ஒரு ஆள் வேணும். வாரத்துல ஒருநாள் வர முடியுமா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. சரி என்றேன்.

குட்டி இப்போது புது ஆலையில் மேற்பார்வையாளர். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். தண்ணீர் வந்ததா, கேஸ் தீர்ந்ததா என்பதற்கு மேல் நான் அவளிடம் பேசுவதில்லை. வாரம் ஒருநாள் போகிறேன். யாராவது என்னை வேலையிலிருந்து நீக்குகிறார்கள். கேட்டால் அழுகிறேன், கேட்டால் கத்துகிறேன். ரொம்ப இயல்பாக இருக்கிறது என்கிறார்கள்.

போன வாரம் பழக வந்து எதிரே உட்கார்ந்தவர் முன்பு ஆலை வண்டி ஓட்டியவர், காது ஓரம் நரைத்த மனிதர். ஆரம்பித்தார், நிறுத்தினார், தண்ணீர் குடித்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டார். "என்னால முடியாது சார். இந்தம்மா மொகத்தப் பாத்து இத எப்படிச் சொல்றது?"

அத்தனை நாளில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஓடிப்போயிடுங்க ஐயா, இந்தப் பதவி உங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். பல்லு சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு கெட்டால் அடுத்த வாரம் என்னைக் கூப்பிட மாட்டார்.

"உக்காருங்க" என்றேன். "மொகத்தப் பாக்காதீங்க. நெத்தியப் பாத்துச் சொல்லுங்க. எதிர்ல இருக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

அவர் உட்கார்ந்தார். என் நெற்றியைப் பார்த்தார். இரண்டாவது தடவை தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்தார்.