பச்சைக் கஞ்சி

கஞ்சிக்குள் பச்சைக் கலரை ஊற்றினது நான்தான். ஒரு சொட்டுப் போதும் என்றுதான் சரித்தேன். போத்தல் வாய் என்னுடைய வாய் மாதிரி, திறந்தால் நிற்காது. அரிசியும் பயறும் தேங்காய்ப்பாலுமாகக் கொதித்த தவக்காலக் கஞ்சி, புல்லு வெட்டின மெஷினைக் கழுவின தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் கோயிலைக் கட்டினது ஐரிஷ்காரர். இப்போது அவர்களில் மிஞ்சினது முன் வாங்கில் குந்தியிருக்கிற நாலைந்து முதியவர்கள். மற்ற வாங்கெல்லாம் நாங்கள். எல்லாம் பச்சையாய் இருக்கவேணும் என்கிற புனித பற்றிக் திருநாளுக்கு அவர்கள் சோடா பாண் சுடுவார்கள், நாங்கள் கஞ்சி காய்ச்சுவோம்.

“கஸ்பர் அண்ணை, உதைக் குடிச்சா உயிர் தப்புவமோ?” என்றாள், கோப்பை அடுக்கிய நிரோஷினி.

“தப்புவாய். பல்லுக்குத்தான் உத்தரவாதம் இல்லை.”

எல்லாரும் குடித்தார்கள். மண்டபம் முழுக்கப் பச்சை நாக்கு.

ஃபாதர் மைக்கைப் பிடித்தார். பதினாறு வயதுப் பற்றிக்கைக் கொள்ளைக்காரர் பிடித்து அயர்லாந்துக்கு அடிமையாகக் கொண்டுபோனார்களாம். ஆடு மேய்த்து, தப்பி ஓடி, வீடு போய்ச் சேர்ந்தவர், பிறகு குருவாகி அதே நாட்டுக்குத் தானாகவே திரும்பிப் போனாராம். மார்ச் பதினேழு அவர் இறந்த நாள். “ஊர்வலமும் பச்சைத் தொப்பியும் பிறகு வந்தது. முதலில் இது பூசையும், நோன்புக்கு நடுவில் ஒருநாள் விருந்தும்தான்.”

எனக்கு ‘திரும்பிப் போனார்’ என்றது மட்டும்தான் காதில் விழுந்தது. கடைசி மேசையில் என் மனுசி எமில்டா இருந்தா. “கொஞ்சநாள் இருந்திட்டு வாறன்” என்று தை மாதம் பிறம்ரனில் இருக்கிற தன் தங்கச்சி வீட்டுக்குப் போனவ. எப்போது வருவா என்று தங்கச்சியைக் கேட்டேன்: “ஸ்நோ குறையட்டும் அத்தான்.” மகன் ஜூலியனைக் கேட்டேன்: “இட்ஸ் கொம்ப்ளிகேற்றட், அப்பா.” ஃபாதரைக் கேட்டேன்: “செபிப்போம்.” எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டு மரத்த கொடுப்பு மாதிரி, தொட்டால் யாரோ ஒருத்தருடைய முகம் போல.

ஒரு கோப்பை கஞ்சியோடு போய் அவவுக்கு முன்னால் இருந்தேன்.

“குடியும். சொர்க்கத்தில முன் வாங்கு நிச்சயம்.”

“வேண்டாம்.”

“வீட்டு ஹீற்றர் உம்மைக் கேட்டுக் கேட்டு முனகுது.”

“காரை எங்க விட்டனீங்கள்? கோயிலுக்கு முன்னால எண்டால் ஃபைன் ரிக்கெற் எழுதுவாங்கள்.”

“எழுதட்டும். எனக்கும் ஆரும் எழுதவேணுமே.”

அவ சிரிக்கவில்லை. முன்பெல்லாம் சிரிக்காவிட்டாலும் திட்டுவா. இப்போது மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவினா. பக்கத்தில் யாரோ பிடில் வாசிக்கத் தொடங்கினார்கள்.

“எமில்டா, நீர் வீட்டை வருவீரோ?”

பகிடி ஒன்றும் ஒட்டாமல் வந்த கேள்வி. எனக்கே அந்தக் குரல் புதிது.

அவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா. நேராக.

“இல்லையப்பா. நான் இனி வரமாட்டன்.”